எதைப் போடணும்னு கேக்காதீங்க, எதை நிறுத்தணும்னு கேளுங்க

பதினஞ்சு நாளா இங்க ஒண்ணும் எழுதலை. தங்கச்சிக்குக் கண்ணுல ஆபரேசன். துணைக்கு ஆள் வேணும்னு சென்னைக்குப் போய் ஒரு வாரம் அவ மக வீட்டுல இருந்துட்டு வந்தேன். அந்த ஒரு வாரத்துல மனசுக்குள்ள வெந்ததைத்தான் இப்ப எழுதறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். மாடித்தோட்டம் போட்டிருக்கற பட்டணத்துச் சொந்தங்க கோவிச்சுக்காமப் படிங்க. திட்டு உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் இருக்குது.

தங்கச்சி மக கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கற புள்ளை. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொன்னதைக் கேட்டு, இந்த ஆடியில மொட்டை மாடியில இருபது குரோ பேக் வாங்கி வெச்சிருக்குது. மிளகா, கத்திரி, தக்காளி, வெண்டை, ஓரமா ஒரு கருவேப்பிலை. பொறந்ததுல இருந்து செடி வெச்சதில்லை, இதுதான் முதல் தடவை. நான் போய்ப் பையைக் கூட இறக்கி வெக்கலை, கையைப் புடிச்சு மாடிக்கு இழுத்துட்டுப் போயிருச்சு.

"மாமா, இலையெல்லாம் மஞ்சளாவுது. எதைப் போடணும்?"

நான் செடியைப் பாக்கறதுக்கு முன்னால கைப்பிடிச் சுவரைத்தான் பாத்தேன். வரிசையா ஏழு அயிட்டம். எப்சம் சால்ட், நுண்ணூட்டக் கலவை, கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், மீன் அமிலம், பஞ்சகவ்யா, வேப்பெண்ணெய். ஒவ்வொண்ணும் பாதிப் பாதி. எவ்வளவு கண்ணு ஆச்சுன்னு கேட்டேன். மூவாயிரத்துச் சில்லறைன்னுச்சு. அந்தப் பணத்துக்கு அந்த மாடியில காய்ச்சது இது வரைக்கும் பதினோரு வெண்டைக்கா.

ஒரு மிளகாப் பையில ஆள்காட்டி விரலை விட்டுப் பாத்தேன். மேல கோகோபீட்டு பொடிப்பொடியாக் காஞ்சு கெடக்குது. ரெண்டு கணு உள்ள போனதும் சொதசொதன்னு இருக்குது. விரலை மோந்து பாத்தா சாக்கடை வாசம். பையை ஒரு கையால தூக்கப் பாத்தேன், அசையலை. அடியில ஒரு தட்டு. அதுல பச்சைப் பாசி புடிச்ச தண்ணி ஓட்டையை மூடி நிக்குது. தட்டு எதுக்குன்னு கேட்டா, தரை கறையாவுதுன்னு கீழ் வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்களாமா.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி?"

"காலைல ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை மாமா. மறக்கக் கூடாதுன்னு போன்ல அலாரம் வெச்சிருக்கேன்."

"மழை பேஞ்ச அன்னிக்கு?"

புள்ளை பேசலை.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். செடியைக் குளிப்பாட்டிக் கொல்றியா, ஏழு பாட்டில் வாங்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு விரலை மண்ணுல விடத் தெரியலையான்னு கத்திட்டேன். கண்ணுல கட்டோட கட்டில்ல படுத்திருந்த தங்கச்சிக்கு என் சத்தம் கீழ வரைக்கும் கேட்டிருக்கு. கீழ இறங்கினதும் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா: "ஏண்ணா, உன்ற மஞ்சக்காடு அழுகினப்ப நீ விரலை விட்டுப் பாத்தியா?"

பேச்சு நின்னு போச்சுங்க.

சொல்லிடறேன். மூணு வருசத்துக்கு முந்தி. ஒண்ணரை ஏக்கர்ல மஞ்சள். வைகாசியில நட்டது. மஞ்சள்ங்கறது ஒம்பது மாசத்துப் பிள்ளை மாதிரி. வெதைக் கிழங்கு, நடவு, களை, மண்ணணைப்புன்னு பாதிக் காசை மண்ணுல போட்டுட்டு, தை மாசி வரைக்கும் காத்துக் கெடக்கணும். அந்த வருசம் வெதைக் கிழங்கு வாங்கினதே சம்சாரத்தோட நகையைச் சொசைட்டியில வெச்சுத்தான். ஐப்பசி பொறந்ததும் மேட்டாங்கரை பக்கம் பசேல்னு நிக்குது, பள்ளத்துப் பக்கம் நாலஞ்சு பார்ல அடி இலை மஞ்சளாவுது.

நான் என்ன செஞ்சேன்? அந்தப் புள்ளை செஞ்சதைத்தான் செஞ்சேன். இலையைப் பிச்சு மடியில கட்டிக்கிட்டு உரக்கடைக்குப் போனேன். "இலை மஞ்சளாவுது, எதைப் போடலாம்?" கடைக்காரர் இலையைத் திருப்பிக் கூடப் பாக்கலை. இரும்புச் சத்துக் குறைச்சல்ங்க, அன்னபேதி அடிங்க, கூட இந்த நுண்ணூட்டத்தையும் கலந்துக்குங்கன்னார். மஞ்சளுக்கு இரும்புச் சத்துக் குறையறது நெசந்தான், எங்க பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணுல அது அடிக்கடி வரும். அதனால நானும் நம்பிட்டேன். ரெண்டு தடவை அடிச்சேன். மஞ்சள் நாலு பார்ல இருந்து இருபது பாருக்குப் போச்சு. மறுபடியும் கடைக்குப் போனேன். இன்னொரு பாட்டில் கொடுத்தார்.

சம்சாரம் அன்னைக்கே சொன்னா. "ஏனுங்க, அந்தப் பள்ளத்துல கால் வெச்சா புதையுதுங்க. நாத்தம் வேற அடிக்குது. தண்ணியை நிறுத்திப் பாருங்களேன்"னு. களை எடுக்க உள்ள போனவ அவ. கால்ல பட்டது அவளுக்கு. நான் வரப்புல நின்னு இலையைப் பாத்த ஆள். பொம்பளை பேச்சுன்னு காதுல போட்டுக்கலை.

கடைசியில ஒரு தூரைப் புடுங்கிப் பாத்தேன். இழுக்கறதுக்கு முன்னாலயே கையோட வந்துருச்சு. கிழங்கை அமுக்கினா கொழகொழன்னு உள்ள தண்ணி. கிழங்கு அழுகல். இரும்புச் சத்துமில்லை, துத்தநாகமுமில்லை. பள்ளத்துல வடிகால் மண்ணு மூடிக் கெடந்திருக்குது. பேஞ்ச மழைத் தண்ணி போதாதுன்னு ராத்திரி மோட்டார் வேற ஓடியிருக்குது. அந்த வருசம் மூணுல ஒரு பங்கு போச்சுங்க. வெட்டி, வேக வெச்சு, காய வெச்சதுல விரலியே கம்மி. நகையைத் திருப்ப ரெண்டு வருசம் ஆச்சு. இன்னைக்கும் சம்சாரம் அதைச் சொல்லிக் காட்ட மாட்டா. சொல்லிக் காட்டினாக் கூடத் தேவலைன்னு இருக்கும்.

அதனால இந்தக் கேள்விக்கு எதிரா நான் பேசறேன். "எதைப் போடணும்?" பட்டணத்துலயும் சரி பட்டிக்காட்டுலயும் சரி, செடி கொஞ்சம் வெளுத்தா நம்ம வாயில மொதல்ல வர்றது இதுதான். எதையோ குறைச்சு வெச்சுட்டோம், எதையோ சேத்தா சரியாகும்னு முடிவு கட்டிட்டுத்தான் கேக்கறோம். எதையாவது அளவுக்கு மேல செஞ்சிருப்போமான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை.

வேருன்னா என்னான்னு யோசிச்சுப் பாருங்க. வேரும் மூச்சு விடுதுங்க. நல்ல மண்ணை எடுத்துக்கிட்டா அதுல பாதிதான் மண்ணு. மீதிப் பாதி சந்து. அந்தச் சந்துல கொஞ்சம் தண்ணியும் கொஞ்சம் காத்தும் பங்கு போட்டுக்கணும். நீங்க நாள் தவறாம ஊத்த ஊத்த காத்துக்கு எடமே இல்லாமப் போகுது. மூச்சு முட்டின வேர் தண்ணியையும் உறிஞ்சாது, சத்தையும் உறிஞ்சாது. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே செடி தாகத்துல வாடுது. வாடறதைப் பாத்து நாம இன்னொரு குடம் ஊத்தறோம். பந்தி நெறையச் சோறு இருக்குது, தின்ன வேண்டியவனுக்குத் தொண்டை அடைச்சுக் கெடக்குது. இன்னும் ரெண்டு கரண்டி பரிமாறி என்ன பிரயோசனம்? அந்த ஏழு பாட்டிலும் அப்படித்தான்.

நெல்லு தண்ணியிலயே நிக்குதேன்னு அந்தப் புள்ளை கேட்டுச்சு. நல்ல கேள்வி. நெல்லுக்கு இலையில இருந்து வேர் வரைக்கும் காத்துப் போறதுக்கு உள்ளுக்குள்ள குழாய் மாதிரி சந்து இருக்குது. மிளகாக்கும் கத்திரிக்கும் அந்த வசதி இல்லை. அந்த நெல்லுக்குக் கூட நம்ம பெரியவங்க வெச்ச பேரு என்ன? காய்ச்சலும் பாய்ச்சலும். பாய்ச்சின தண்ணி வத்தணும், மண்ணு லேசா மயிர்க்கோடு விடணும், அப்புறம் அடுத்த பாய்ச்சல். பாய்ச்சலுக்கு முன்னால காய்ச்சலை வெச்சவங்க விவரம் தெரிஞ்சவங்க. நாம பாய்ச்சலை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

இலை மஞ்சளாவறதுக்குப் பத்துக் காரணம் இருக்குது. பாத்தாலே பாதி தெரிஞ்சுரும், பாக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. சொல்றேன், கேட்டுக்குங்க.

மொதல்ல, மஞ்சள் எங்க ஆரம்பிச்சதுன்னு பாக்கணும். அடி இலையா, கொழுந்தா? தழைச்சத்து குறைஞ்சா செடி அடி இலையில இருக்கறதைப் புடுங்கிக் கொழுந்துக்குக் கொடுக்கும். தாய் தின்னாமக் குழந்தைக்கு ஊட்டற மாதிரி. அதனால அடி இலை மொத்தமா வெளுத்து மஞ்சளாகும், செடியும் குச்சியா நிக்கும். மெக்னீசியம் குறைஞ்சாலும் அடி இலையிலதான் ஆரம்பிக்கும், ஆனா நரம்பு பச்சையா இருக்கும், நரம்புக்கு நடுவுல மட்டும் மஞ்சளாகும். சாம்பல் சத்து குறைஞ்சா அடி இலையோட ஓரம் நெருப்புல வாட்டின மாதிரி கருகும். இரும்புச் சத்து அப்படி இல்லை. அது ஒரு தடவை இலையில உக்காந்துட்டா எந்திரிச்சு வராது. அதனால கொழுந்து இலைதான் நரம்பு பச்சையா, நடுவுல வெளுத்து நிக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கு அன்னபேதி வாங்கியிருக்க மாட்டேன். என் மஞ்சள்ல வெளுத்தது அடி இலை. கொழுந்து பச்சையாத்தான் இருந்துச்சு. கையில இலையை வெச்சுக்கிட்டே நான் பாக்கலை.

ரெண்டாவது, இலையைத் திருப்பிப் பாக்கணும். பொடிப் பொடியா மஞ்சள் புள்ளி இருந்தா ஒரு வெள்ளைத் தாளை அடியில புடிச்சு இலையைத் தட்டுங்க. தாள்ல புள்ளி நகர்ந்தா அது செம்பேன். வெண்டையில நரம்பு மஞ்சளாகி வலை பின்னின மாதிரி ஆனா அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பற வைரஸ். அதுக்கு எந்த பாட்டில்லயும் மருந்து இல்லை. புடுங்கி அப்புறப்படுத்திட்டு, மத்த செடியில வெள்ளை ஈயைப் பாருங்க. மருந்து இருக்குதுன்னு எவனாவது சொன்னா காசை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டுத் திரும்பி வந்துருங்க.

மூணாவதுதான் முக்கியம். விரலை விடணும். ரெண்டு கணு ஆழத்துல ஈரம் இருந்தா தண்ணி வேண்டாம். இலை வாடியிருந்தாலும் வேண்டாம். உச்சி வெயில்ல நல்ல செடியும் தலையைத் தொங்கப் போடும், பொழுது சாஞ்சா நிமிர்ந்துரும். காலைல பாக்கறப்பவும் தொங்கினா அப்பத்தான் சந்தேகப்படணும். மண்ணு ஈரமா இருந்து, இலை மெத்துனு மஞ்சளாத் தொங்கினா, அது தண்ணி அதிகம். மண்ணு காஞ்சு, பை தக்கைன்னு லேசா இருந்து, இலை மொறுமொறுன்னு ஆனா, அது தண்ணிக் குறைவு. ரெண்டும் வாடல்தான். ஆனா ஒண்ணுக்குத் தண்ணி மருந்து, இன்னொண்ணுக்குத் தண்ணிதான் விசம். போட்டோவுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனாலதான் போட்டோ அனுப்பி வைத்தியம் கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்லை. போட்டோவுல நாத்தம் தெரியாது. பையோட கனம் தெரியாது.

நாலாவது, தண்ணியே எப்படின்னு பாக்கணும். சென்னையில பல வீட்டுல போர் தண்ணி உப்பு. பையோட விளிம்புல, மண்ணு மேல வெள்ளையாப் படிஞ்சிருந்தா, இலை நுனி கருகினா, உப்பு சேந்துட்டு இருக்குதுன்னு அர்த்தம். சுண்ணாம்புத் தண்ணியில மண்ணுல இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. கோகோபீட்டையும் நல்லா அலசாம போட்டா அதுலயே உப்பு இருக்கும். இதுக்கு மேல நீங்க எப்சம் உப்பு வேற போட்டா, உப்புக்கு உப்பு. மெக்னீசியம் குறையாத செடிக்கு மெக்னீசியம் போட்டா அது சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் உள்ள விடாமத் தடுக்கும். இல்லாத நோய்க்குப் போட்ட மருந்தே புது நோயைக் கொண்டு வந்துரும். அப்புறம் அந்த நோய்க்கு இன்னொரு பாட்டில்.

இதுல சம்பாதிக்கறது யாருன்னு கேக்கறீங்களா? வைத்தியம் பாக்கறவனும் மருந்து விக்கறவனும் ஒரே ஆளா இருக்கற வரைக்கும் உங்க செடிக்கு ஏதாவது ஒரு நோய் இருந்துக்கிட்டேதான் இருக்கும். என் உரக்கடைக்காரர் கெட்டவர் இல்லைங்க. கடனுக்குக் கொடுப்பார், கல்யாணத்துக்கு வந்து மொய் வெப்பார். ஆனா அவர் கடையில 'சும்மா இரு'ங்கறதுக்கு டப்பா இல்லை. "வடிகாலைத் தோண்டு, பத்து நாள் தண்ணி விடாதே"ன்னு சொன்னா அவருக்கு என்ன கிடைக்கும்? போன்ல வீடியோ போட்டு "ஒரே வாரத்துல பச்சைப் பசேல்"னு சொல்றவங்களும் அதே கதைதான். மோரை ஊத்து, டீத்தூளைப் போடு, வாழைப்பழத் தோலை ஊற வை, முட்டை ஓட்டை நுணுக்குன்னு ஆளுக்கொண்ணு. அழுகின வேருல புளிச்ச மோரை ஊத்தினா மோருதான் வீண். மக்காத குப்பையைப் பையில போட்டா, அது மக்கறதுக்கே மண்ணுல இருக்கற தழைச்சத்தை இழுத்துக்கும். செடி இன்னும் வெளுக்கும்.

அப்ப உரமே போட வேண்டாங்கறியான்னு கேப்பீங்க. அப்படிச் சொல்ல நான் சாமியார் இல்லை. நான் யூரியாவும் போடறவன், தொழுவுரமும் போடறவன். கோகோபீட்டுல சத்துன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. பையில போட்ட மண்புழு உரம் ரெண்டு மூணு மாசத்துல தீர்ந்துரும். நாம போட்டாத்தான் செடிக்குச் சோறு. தழைச்சத்து நெசமாவே குறையும். ஆனா வேர் நல்லா இருக்கறப்ப போடறது உரம். வேர் அழுகினப்ப போடறது எழவு வீட்டுல போய் விருந்து வெக்கற மாதிரி. மொதல்ல பாரு, அப்புறம் போடு. நான் கேக்கறது அவ்வளவுதான்.

இருபது பைக்கு எதுக்குப்பா இவ்வளவு ஆவேசம்னு இன்னொருத்தர் கேப்பார். காரணம் இருக்குது. இந்தப் புள்ளை என்னைத் திட்ட விடாம ஒண்ணு சொல்லுச்சு. "எங்கையில எதுவும் வராது மாமா, எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடறேன்"னு. ஒரு செடியை நல்லபடியாக் காய்க்க வெச்ச கை, சந்தையில கத்திரிக்காயில ஒரு பூச்சி ஓட்டை இருந்தாத் தூக்கி எறியாது. ஒரு வெண்டைச் செடி தேமல்ல போனதைப் பாத்த கண்ணு, ஒரு ஏக்கர் போனவன் செய்தியைப் படிக்கறப்ப அடுத்த பக்கத்துக்குத் தாண்டாது. எங்களை உங்களுக்குப் புரிய வெக்கற ஒரே பாலம் அந்தப் பைதான். ரெண்டு மாசத்துல ஏழு பாட்டில் செலவு பண்ணி, செடி செத்து, ராசியில்லாத கைன்னு நீங்க ஒதுங்கினா, பாட்டில்காரனுக்கு நஷ்டம் இல்லை. எனக்குத்தான் நஷ்டம்.

தண்ணி விசயம் இன்னும் இருக்குது. 2019ல உங்க ஏரியெல்லாம் வறண்டு, ஜூலை மாசத்துல ஜோலார்பேட்டையில இருந்து ரயில் வேகன்ல தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. குடத்தோட வரிசையில நின்ன ஊரு. அதே ஊர்ல இன்னைக்கு அலாரம் வெச்சுச் செடிக்கு ரெண்டு வேளை ஊத்தி அழுக வெக்கறோம்.

உங்களை மட்டும் சொல்லலை, எங்க கதை இன்னும் மோசம். எங்களுக்கு மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அது சும்மா வரலைங்க. 1970களோட தொடக்கத்துல கரண்டுக் கட்டணத்தை ஏத்தினதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில எங்க பக்கத்து விவசாயிங்க மாட்டு வண்டியைக் கட்டிக்கிட்டுத் தெருவுக்கு வந்தாங்க. துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. வருசா வருசம் ஜூலை 5ஆம் தேதி உழவர் தியாகிகள் நாள்னு மாலை போடறோம். அந்த வழியில வந்த கரண்டை வெச்சு நான் என்ன செஞ்சேன்? ராத்திரி மும்முனை கரண்டு எப்ப வருமோன்னு ஸ்டார்ட்டர்ல ஆட்டோவைப் போட்டு விட்டுட்டுப் படுத்துத் தூங்கினேன். கரண்டு வந்தா தானா ஓடும். மண்ணு குடிச்சுதா, மழை பேஞ்சுதா, அதைப் பத்தி மோட்டாருக்கு என்ன கவலை? அந்தப் புள்ளைக்கு அலாரம், எனக்கு ஆட்டோ. ரெண்டும் ஒண்ணுதான். பாக்க வேண்டிய வேலையை மிசினுகிட்டக் கொடுத்துட்டோம்.

இதைச் சாக்கா வெச்சு இலவச மின்சாரத்தைப் புடுங்கணும்னு யாரும் கெளம்பாதீங்க. விளைஞ்சதுக்கு விலையைக் கொடுத்துட்டு அப்புறம் அந்தப் பேச்சைப் பேசுங்க. நான் சொல்றது என் கூட்டத்துக்கு. ரத்தம் சிந்தி வாங்கினதை வேரை அழுக வெக்கச் செலவு பண்ணக் கூடாது. சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியத்துல சொட்டு நீர் கொடுக்கறாங்க. 2015ல இருந்து மண்வள அட்டை இருக்குது. நாட்டுலயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல தொடங்கினது நம்ம புதுச்சேரியிலதான். இன்னைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்குது. கேட்டாச் சொல்றாங்க. ஆனா நாம கேக்கறது கடைக்காரர்கிட்ட. ஏன்னா கடை பக்கத்துல இருக்குது, கடன் கொடுக்குது. இதுல அரசாங்கத்துக்கும் பங்கு இருக்குது. பல ஊருக்கு ஒரு அலுவலரைப் போட்டு, அவருக்கும் ஆயிரம் கணக்கு வழக்கைக் கொடுத்தா, அவர் எப்ப வந்து என் மண்ணுல கால் வெப்பார்? அந்தக் காலி எடத்துலதான் பாட்டில் வந்து உக்காந்துக்குது.

நிலத்தை நாளும் போய்ப் பாக்காதவன்கிட்ட நிலம் பொண்டாட்டி மாதிரி கோவிச்சுக்கும்னு வள்ளுவர் உழவு அதிகாரத்துல வெச்சிருக்கார். போய்ப் பாக்கறதுன்னா வரப்புல நின்னு பாக்கறது இல்லை. உள்ள இறங்கணும். கால் புதையணும். என் வீட்டுல அதைச் செஞ்சது யாருன்னு மேலயே சொல்லிட்டேன்.

சரி, அந்த மாடிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லி முடிக்கறேன். மறுநாள் நானும் அந்தப் புள்ளையுமா ஒக்காந்தோம். இருபது தட்டையும் எடுத்தோம். கீழ் வீட்டுக்காரங்களுக்காகப் பையை ரெண்டு செங்கல் மேல தூக்கி வெச்சு, வழியற தண்ணி மூலைக் குழாய்க்குப் போற மாதிரி வாட்டம் பாத்தோம். அடைச்ச ஓட்டையை ஆணியால குத்தி விட்டோம். அலாரத்தை அதுவே அழிச்சிருச்சு. காலைல எந்திரிச்சதும் விரலை விட்டுப் பாக்கறது, காஞ்சிருந்தா அடி வழியா வழியற வரைக்கும் ஒரே தடவையா ஊத்தறது, ஈரம் இருந்தா அன்னைக்குச் சும்மா இருக்கறது. அந்தச் சும்மா இருக்கறதுதான் அதுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. மூணாம் நாள் "ஒண்ணுமே செய்யாம இருக்கறது பயமா இருக்குது மாமா"ன்னுச்சு. எனக்கும் அப்படித்தான் கண்ணு இருக்கும்னேன்.

நாலு பையில வேர் மொத்தமாக் கருத்துப் போயிருந்துச்சு. தக்காளி மூணு, கத்திரி ஒண்ணு. எடுத்துப் போட்டுட்டோம். கருவேப்பிலையை மட்டும் பையைக் கிழிச்சு எடுத்து, அழுகின வேரை வெட்டிட்டு, புது மண்ணுல வெச்சு நெழல்ல வெச்சிருக்குது. பொழைக்குமான்னு இன்னும் சொல்ல முடியாது. முந்தாநாள் போன் பண்ணுச்சு. மிளகாயில பழைய இலை அப்படியே மஞ்சளாத்தான் இருக்குதாமா. மஞ்சளான இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது, அதைப் பாத்து ஏங்காதே, கொழுந்தைப் பாருன்னு சொல்லியிருந்தேன். கொழுந்து பச்சையா வந்திருக்குதாமா. அதைச் சொல்லிட்டு, "இப்ப எதைப் போடட்டும் மாமா?"ன்னுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

ஸ்டார்ட்டர்ல இருந்து அந்த ஆட்டோவைக் கழட்டி வெச்சு மூணு வருசமாச்சு. ராத்திரி கரண்டு வந்தா எந்திரிச்சுப் போறேன். முடியலைன்னா மோட்டாரைப் போடறதில்லை. இந்த வருசமும் அதே ஒண்ணரை ஏக்கர்ல மஞ்சள்தான் நிக்குது, அஞ்சு மாசப் பயிர். இதை எழுதறப்ப வெளியில வானம் கருகருன்னு வந்துருச்சு. ஐப்பசி மழை. சம்சாரம் ஏற்கனவே மம்முட்டியை எடுத்துக்கிட்டுப் பள்ளத்துப் பக்கம் போயிட்டா. வடிகால் தொறக்கணும், நானும் கெளம்பறேன். வர்றேனுங்க.